மறுநாள் துண்டு

பேருந்து ஓட்டும் தம்பிக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அரிசியும் ரொட்டியும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, அக்கா அவனை வீட்டுக்கு அழைத்து, செத்துப்போன அம்மா செய்த மாதிரியே வான்கோழிக் கொத்துக்கறியை ரொட்டி சுடும் அச்சில் அடைத்து ஓவனில் சுட்டாள். அம்மா சேர்க்கும் ரொட்டித் தூளுக்குப் பதிலாகப் பாதாம் மாவு போட்டிருந்தாள்.

சூடாக ஒரு வாய் சாப்பிட்டவன் உதட்டைப் பிதுக்கினான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மா செஞ்ச மாதிரி இல்லக்கா."

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். தம்பி அன்றிரவு அங்கேயே தங்கினான்.

மறுநாள் காலை அதைத் துண்டு போட்டு, பாதியைக் கீரையோடு அவன் மதிய டப்பாவில் அடைத்தாள். இரண்டு துண்டை வாணலியில் முறுக வாட்டி, முட்டையோடு தட்டில் வைத்தாள். முதல் கடியிலேயே அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"அக்கா! இது அம்மா கைப்பக்குவம்!"

"நேத்து செஞ்சதுதானேடா?" என்றவளுக்குச் சட்டென்று உறைத்தது. "டேய், சின்ன வயசுல அம்மா வேலை முடிஞ்சு வந்து இதைச் சுடுறதுக்குள்ள நாம தூங்கிடுவோம். காலைல வாட்டித்தானே தருவாங்க? சூடா நாம சாப்பிட்டதே இல்லையே!"

தம்பி சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கியது. அக்கா அவன் தட்டிலிருந்து முறுகிய ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.