நாலாவது மன்னிப்பு

எங்கள் பிரோத் ஊரில் ஒரு பிள்ளையின் நடத்தை மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டுமென்றால், ஆசிரியர்கள் எல்லோரும் கூடி, கை தூக்கி வாக்கெடுக்க வேண்டும். பரிந்துரைக்க வேண்டியவள் வகுப்பாசிரியை, அதாவது நான். ஜூன் மாதக் கூட்டத்தில், என் எட்டாம் வகுப்பு நெவெனாவுக்குக் குறைக்கச் சொல்லி நான் பரிந்துரைக்கவில்லை. கணக்கு வாத்தியார் வுக்காஷினுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"அவளப் பத்தி வகுப்புப் பதிவேட்டுல முப்பத்தோரு குறிப்பு எழுதியிருக்கேன், ஸகோர்கா. நீங்க என்னடான்னா வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க."

"முப்பத்தொண்ணும் நீங்க எழுதினதுதான். மத்த பதினோரு பேர் வகுப்புல நெவெனா ஒழுங்காத்தானே இருக்கா? உங்களப் பாத்தா மட்டும் அவளுக்குக் கொம்பு முளைக்குதா?"

சிலர் காபிக் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடத்தையில் குறைந்தால் நீஷ் நகரத்து நர்ஸ் பள்ளி விடுதியில் இடம் கிடையாது. தினமும் எழுபது கிலோமீட்டர் போய்வர நெவெனாவால் முடியாது. எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுவிடும்.

தலைமையாசிரியை ரத்மிலா அவளை உள்ளே கூப்பிட்டார். வுக்காஷின் பெரிய மனது பண்ணினார். "மன்னிப்புக் கேளு. எல்லாத்தையும் விட்டுடறேன்."

"அக்டோபர்லயே கேட்டேனே சார்," என்றாள் நெவெனா. "பக்கத்துல பேசினதுக்கு. சத்தமா கேளுன்னீங்க, கேட்டேன். கடைசி பெஞ்சுக்குக் கேக்கலைன்னீங்க. மறுபடி கேட்டேன். சுவத்தப் பாத்து நின்னு கேளுன்னீங்க. நாலாவது தடவை எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதுதான் முதல் குறிப்பு. அப்புறம் சும்மா உக்காந்திருந்தாலும் 'திமிரான மௌனம்'னு எழுதினீங்க. எப்படியும் எழுதத்தான் போறீங்கன்னு விசிலடிக்க ஆரம்பிச்சேன்."

வுக்காஷின் முகம் சிவந்துபோயிற்று. "சரி. இப்ப இங்க, எல்லார் முன்னாடியும் கேளு. சத்தமா."

அடப் பாவி மனுஷா, என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி, நீஷ் உனக்கு முக்கியம் என்றும் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

"முடியாது சார்," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

அவளை வெளியே அனுப்பிவிட்டு, என் பரிந்துரைக்குக் காத்திராமல், மதிப்பெண்ணைக் குறைக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ரத்மிலா. ஏழு கைகள் எழுந்தன. பாட்டு டீச்சரின் கை பாதி உயர்ந்து, என்னைப் பார்த்ததும் தலையைச் சொறியப் போனது. பதின்மூன்று பேரில் ஏழே போதும்.

கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்கள்.

"அந்தப் பொண்ண நாலு தடவை கேக்க வச்சதையும் அதுல எழுதுங்க. அப்புறம் போடறேன்," என்று தாளைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நெவெனா நடைவழி ஜன்னலோரம் நின்றிருந்தாள். முடிவைச் சொன்னேன். கண் கலங்கினாள், துடைத்துக்கொண்டாள்.

"நான் கேட்டிருக்கணுமா டீச்சர்?"

போனது என் படிப்பில்லை. வாயால் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடலாம். அது தெரிந்தேதான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"கூடாதுடி. அஞ்சாவது தடவை கேக்கவே கூடாது."