முதுகோடு முதுகு

சனிக்கிழமை இரவு கடைசி வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்து படுக்கும் பஸ் டிரைவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி என்பது நடுநிசிக்குச் சமம். அந்த நேரத்தில் அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே, கார் நிறுத்தும் இடத்தில், ஒருத்தி விசில் ஊதினாள். முதல் வாரம் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் வாரம் ஜன்னலை அறைந்து சாத்தினார். மூன்றாம் வாரம், தூங்கி எழுந்த கோலத்திலேயே சண்டைக்குக் கிளம்பிவிட்டார்.

“பல்லையாவது விளக்கிட்டுப் போங்க,” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

“சண்டைக்குப் போறவனுக்குப் பல்லு எதுக்கு?”

“சண்டைக்குத்தான் பல்லே வேணும்.”

விசில் ஊதியவள் மூன்றாம் மாடி பிசியோதெரபிஸ்ட். கட்டடத்துக்கே அவள் பெயர் ‘விசில்’ என்றாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்னால் படிக்கட்டுச் சுவரில் அவள் ஒட்டிய அறிவிப்பில், ‘வாங்க, சேர்ந்து வியர்ப்போம், ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்குவோம்’ என்று இருந்தது. யாரோ பென்சிலால் அதன் அடியில், ‘தெரிஞ்சதே போதும்’ என்று எழுதியிருந்தார்கள். டிரைவர் அதைத் தான் எழுதவில்லை என்று சாதித்தார். பென்சில் மட்டும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

கீழே இறங்கினால், கட்டடத்தில் பாதிப்பேர் வரிசையாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தரைத்தள வக்கீல் அம்மா, அவள் வீட்டுக்காரர், தபால்காரர் தம்பதி, யாரென்றே தெரியாத நாலைந்து முகங்கள். கடைசி வரிசையில், ஒல்லியாக, ஓரமாக, கண்ணாடிக்கடைக்காரர். அவரைப் பார்த்ததும் டிரைவரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் இரண்டாம் மாடி. டிரைவர் முதல் மாடி. டிரைவருடைய குளியலறைக் கூரையில் மூன்று வருடமாகத் தண்ணீர் சொட்டுகிறது. குளிக்கும்போது வாளியில் இருந்தும் குளியல், கூரையில் இருந்தும் குளியல். முதல் வருடம் கதவைத் தட்டிச் சொன்னார். இரண்டாம் வருடம் கதவிடுக்கில் கடிதம் செருகினார். அதற்கு வந்த பதிலில், ‘என் குழாய்கள் அனைத்தும் நலம். தங்கள் நலம் அறிய அவா’ என்றிருந்தது. அதோடு பேச்சுவார்த்தை நின்றது. மூன்றாம் வருடம் படிக்கட்டில் எதிரெதிரே வந்தால், இரண்டு பேருமே சுவரில் இல்லாத படத்தைப் பார்த்துக்கொண்டு கடந்தார்கள்.

“வாங்கண்ணே, சரியான நேரத்துக்கு வந்தீங்க,” என்றாள் விசில். “ஒருத்தருக்கு ஜோடி இல்லாம இருந்துச்சு.”

“நான் ஜோடி சேர வரல. தூங்க விடுங்கன்னு சொல்ல வந்தேன்.”

“அஞ்சே நிமிஷம். உங்களுக்கு இடுப்பு வலி இருக்குல்ல? படியிறங்கறப்பவே தெரியுதே.”

இடுப்பு வலி இருந்தது. பதினெட்டு வருடம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து கியர் மாற்றியவருக்கு வேறென்ன மிஞ்சும்? அந்த ஒரு நொடித் தயக்கத்தில் அவள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். முதுகில் ஏதோ எலும்பு குத்தியது. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட் வாசனை, இஸ்திரி போட்ட பனியன். கண்ணாடிக்கடைக்காரர்தான்.

“கையைக் கோத்துக்கோங்க. முதுகோட முதுகு சாய்ஞ்சு மெதுவா உட்காரணும். அப்புறம் அதே மாதிரி எழுந்திரிக்கணும். பக்கத்து ஆளை நம்பினாத்தான் முடியும்.”

உட்காருவது ஒன்றும் பெரிய காரியமாக இல்லை. டிரைவர் தொண்ணூற்றெட்டுக் கிலோ. அவர் உட்கார முடிவு செய்தால், உலகத்தில் எவனும் தடுக்க முடியாது. கூடவே கண்ணாடிக்கடைக்காரரும் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருப்பதில்தான் வினை. வக்கீல் அம்மா ஜோடி எழுந்தது. தபால்காரர் ஜோடி சிரித்துக்கொண்டே எழுந்தது. இவர்கள் இரண்டு பேரும் தரையில் பசை போட்டு ஒட்டியதுபோல இருந்தார்கள். டிரைவர் தள்ளினால் கண்ணாடிக்கடைக்காரர் மடங்கினார். அவர் தள்ளியதோ டிரைவருக்குத் தெரியக்கூட இல்லை.

“தள்ளுங்க சார்,” என்றார் டிரைவர், மூன்று வருடம் கழித்து.

“தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“இதுதான் தள்றதா? கூரையில சொட்டறதுக்கு இதைவிட வேகம் அதிகம்.”

“காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க.”

“நான் எங்க ஆரம்பிச்சேன், தண்ணிதான் ஆரம்பிச்சுது. போன மே மாசம் பூரா ராத்திரி பகலா சொட்டுச்சு. வாளி வெச்சு மாளல.”

முதுகுக்குப் பின்னால் இருந்து கண்ணாடிக்கடைக்காரரின் குரல் மெதுவாக வந்தது.

“மே மாசமா?”

“முப்பத்தொரு நாளும்.”

“மே மாசம் நாங்க பொண்ணு வீட்டுல இருந்தோம். அவளுக்குப் பிரசவம். மெயின் வால்வைக்கூட மூடிட்டுத்தான் போனேன்.”

டிரைவர் யோசித்தார். அவருக்கு யோசிப்பது என்றால் வாய் கொஞ்சம் திறந்துகொள்ளும்.

“அப்ப மூடின வால்வுல இருந்து எப்படி…”

“எங்க வீட்டுச் சுவரும் ஊறிக்கிட்டுத்தான் இருக்கு. அலமாரியை நகர்த்தி மறைச்சு வெச்சிருக்கேன். நீங்கதான் கீழ இருந்து ஏதோ செய்யறீங்கன்னு நினைச்சேன்.”

“தண்ணி கீழ இருந்து மேல ஏறுமா சார்?”

“கோவத்துல இருக்கறப்ப ஏறும்னுதான் தோணுச்சு.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கழுத்தை வளைத்து மேலே பார்த்தார்கள். முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. அப்புறம் பார்வையை இறக்கி, விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தார்கள். அவள் சட்டென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கோபம் வந்தால் டிரைவருக்கு இடுப்பு வலி மறந்துபோகும். கண்ணாடிக்கடைக்காரருக்கு உடம்பில் பலமே வந்துவிடும். இரண்டு பேரும் ஒரே மூச்சில் எழுந்து நின்றார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வக்கீல் அம்மா, “இதுதாங்க நம்பிக்கைங்கறது,” என்றாள்.

“மேடம், உங்க குளியலறையைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்றார் டிரைவர்.

மூன்று மாடி ஏறினார்கள். குளியலறையில் முக்கால்வாசி இடத்தை ஒரு பெரிய தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. முட்டி வலிக்காக வாரத்துக்கு நாலு நாள் அதில் ஐஸ் தண்ணீர் நிரப்பி உட்காருவாளாம். தொட்டியின் அடிக்குழாய், தரைக்குழாயோடு ஒரு பழைய துண்டால் கட்டப்பட்டிருந்தது. துண்டு ரோஜா நிறம்.

“மூணு வருஷமாவா?” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

“துண்டை மட்டும் நாலு தடவை மாத்திட்டேன்,” என்றாள் விசில், அதுவும் ஒரு பராமரிப்புதான் என்பதுபோல.

“நாங்க அடிச்சுக்கிட்டது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“குழாய் வழியா எல்லாமே கேக்கும்ணே. அந்த லெட்டரை நீங்க சத்தமா படிச்சதுகூடக் கேட்டுச்சு.” அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். “முதல்ல சொல்லியிருக்கணும். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு வருஷம் ஆயிருச்சு. ஒரு வருஷம் கழிச்சுப் போயி எப்படிச் சொல்றது? தரையை உடைச்சுக் குழாய் மாத்துறதைவிட, உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறது சுலபம்னு நினைச்சேன். அதுக்குத்தான் இந்த ஞாயித்துக்கிழமை விவகாரமே.”

டிரைவருக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் ஒரு பொம்பளை தன் குளியலறையை மறைக்க ஒரு கட்டடத்தையே குனிந்து நிமிர வைத்திருக்கிறாள் என்று நினைத்ததும், வந்த வசவு பாதியில் சிரிப்பாகிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“புதன்கிழமைக்குள்ள தரையை உடைக்கணும்,” என்றார். “இல்லேன்னா வக்கீல் அம்மாகிட்ட சொல்லுவோம். அவங்க உங்களை ரொம்ப நம்பிக்கிட்டு இருக்காங்க.”

“அப்புறம், ஆறரை எட்டாகணும்,” என்றார் டிரைவர்.

புதன்கிழமை தரை உடைந்தது. அடுத்த ஞாயிறு, எட்டு மணிக்கு, டிரைவரை மனைவி எழுப்பவே வேண்டியிருக்கவில்லை. கடைசி வரிசையில் கண்ணாடிக்கடைக்காரர் பக்கத்தில் இடம் பிடித்து நின்றார். இரண்டு பேரும் கையை ஆட்டியதைவிட வாயை ஆட்டியதுதான் அதிகம்.

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். “அந்தம்மா கையைக் காட்டறப்ப எல்லாம் கண்ணைச் சுருக்கறீங்க.”

“வெயில்.”

“நிழல்ல நிக்கறோம். வீட்டுல சொல்லிட்டு மதியம் கடைக்கு வாங்க.”

கடையில், கண் பரிசோதனைப் பலகையில் எரிந்த எழுத்துகளை டிரைவர் மேலிருந்து மூன்று வரி படித்தார். நாலாவது வரியில் நின்றார். அப்புறம் ஐந்தாவதையும் ஆறாவதையும் கடகடவென்று ஒப்பித்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் பலகையைப் பார்த்தார். “நீங்க கடைசியா சொன்னதுல ஒரு எழுத்துகூட இதுல இல்லையே.”

“பணிமனையில இருக்கறது வேற பலகை,” என்றார் டிரைவர். “வருஷா வருஷம் அதைத்தான் படிக்கச் சொல்லுவாங்க. மனப்பாடமே ஆயிருச்சு.”

கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே,” என்றார். “ஏழு வருஷமா தினமும் காலையில நான் உங்க பஸ்லதான் கடைக்கு வர்றேன்.”

“தெரியுமே. முன்சீட்டுல உட்கார்ந்து பேப்பரால மூஞ்சிய மறைச்சுக்குவீங்களே.”

“அது நான்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது. முன்சீட்டுல யாரு மூஞ்சியும் தெரியலன்னா நீங்கன்னு வெச்சுக்குவேன்.”

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து, இருப்பதிலேயே தடிமனான கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.