பதிவில் இல்லாத பதின்மூன்று பேர்

ஜப்பான்காரன் பிடித்திருந்த மலாய் நாட்டில், காஜா பெராங்கில் தகரக் கூரை போட்ட அந்தத் தமிழ்ப் பள்ளியின் பதிவேட்டில் முப்பது பிள்ளைகள்தான். பரீட்சை நாளன்று காலையில் வரிசையில் நின்றது நாற்பத்து மூன்று.

அப்பாசாமி வாத்தியார் வாசலில் நின்று இரண்டு தடவை எண்ணினார். கூடுதலாக நின்றவை எல்லாம் பள்ளிக்குப் பின்னால் குடிசை போட்டிருந்த தோட்டத்துச் சனங்களின் பிள்ளைகள். ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதும் டவுனுக்கு வந்து மரவள்ளி போட்டுப் பிழைப்பவர்கள். ஒரு நாள்கூட வகுப்பில் உட்கார்ந்ததில்லை. எல்லாவற்றுக்கும் தலை வாரி விட்டிருந்தது.

"என்ன கண்ணம்மா இது?" என்று அவர்களைக் கூட்டி வந்தவளைக் கேட்டார்.

"ஜப்பான்காரன் தல எண்ணி அரிசி போடுறானாமே, ஆளுக்கு ஒரு டின்னு. அதான் எல்லாத்தையும் பெரட்டுக்குக் கொண்டாந்துட்டேன்." தோட்டத்தில் பெரட்டு என்கிற விடிகாலை ஆள் கணக்கெடுப்பில் நின்றால்தான் அன்றைக்குப் பேரும் கூலியும். அந்தப் பழக்கம் அவளுக்கு. மூன்று பிள்ளைகள் அவளுடையவை, மற்றவை அக்கம்பக்கத்தவை.

"இது பெரட்டு இல்ல, பரீட்ச. ஊர்ல உள்ள எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே தாளு. ஜப்பான் எழுத்து இருபது, கணக்கு பத்து. எழுதுறவங்கள்ல பாதிப் பேராவது தேறணும். இல்லன்னா பள்ளிக்கூடத்த மூடிடுவான்."

"மூடுனா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஜப்பான் அதிகாரியின் கார் வந்துவிட்டது. அதிகாரி இறங்கி, வரிசையைக் கடைசி வரை எண்ணி, திருப்தியாகத் தலையாட்டினார். இனிப் பிள்ளைகளை விரட்டினால் வாத்தியார் கன்னத்தில்தான் அறை விழும். எல்லாரும் உள்ளே போனார்கள்.

பள்ளி மூடினால் வேலையில்லாத ஆம்பளை. வேலையில்லாத ஆம்பளைக்குச் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போகும் லோரி. அப்பாசாமிக்கு முப்பத்தெட்டு வயது. கண்ணம்மாவின் புருஷன் அந்த லோரியில் ஏறி ஆறு மாதமாகிறது. ஒரு தகவலும் இல்லை.

ஒரு மணி நேரம் எழுதினார்கள். கண்ணம்மாவின் நடுப்பிள்ளை தாள் முழுக்கக் கோழி வரைந்திருந்தது. போகும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிகரெட் டின் அரிசி. அதிகாரி கிளம்பிப் போனார்.

தாள் திருத்த உட்கார்ந்தவர் மொழிபெயர்ப்பாளர் தேவதாஸ். இதே ஊர்க் கம்பத்துச் செட்டி; பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய வம்சம். தமிழ் அவ்வளவாக வராது, பேச்செல்லாம் மலாய். மத்தியானம் இரண்டு மணிக்குப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சிக்கு" என்று வாத்தியாரை மலாயில் அழைத்தார். "பதினேழு பேர் பாஸ். நாற்பத்து மூன்றில் இருபத்திரண்டு வேண்டும்."

அப்பாசாமி பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"முப்பதில் பதினேழு என்றால் போதும்" என்றார் தேவதாஸ், பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே. "அந்தப் பதின்மூன்று பேரையும் அடித்துவிடலாம். அதிகாரி எண்ணியது எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அரிசி வாங்கியதாகப் பட்டியலில் இருக்கிறார்கள். ஐந்து மணிக்குத் தாளையும் மிச்ச அரிசியையும் எடுத்துப்போக ஆபீஸ் லோரி வரும். அதற்குள் பதின்மூன்று டின் இந்த மேசைக்குத் திரும்பி வர வேண்டும்."

அப்பாசாமி சாக்கை எடுத்துக்கொண்டு குடிசைகளுக்குப் போனார். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டார். சிலர் திட்டிக்கொண்டே கொட்டினார்கள். இரண்டு வீட்டில் அரிசி ஏற்கெனவே உலையில் கொதித்துக்கொண்டிருந்தது.

கண்ணம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"குடுத்தத வாங்க வந்திருக்கீங்களா வாத்தியாரே?"

"ஆமா."

"புள்ளைங்க ஒரு மணி நேரம் குந்தியிருந்துச்சுங்க. அதுக்குக் கூலி இது. எங்க கங்காணிகூட வேல வாங்கிட்டு அரிசியத் திருப்பிக் கேட்டதில்ல."

"பள்ளிக்கூடம் மூடுனா எனக்குச் சயாம்தான் கண்ணம்மா" என்றார்.

அவள் கை நின்றது. சட்டியைப் பார்த்தாள். "ரெண்டு டின்னு நனஞ்சிருச்சு. எப்படிக் குடுக்க?" மூன்றாவதை மூலையிலிருந்து எடுத்துச் சாக்கில் கொட்டினாள்.

எல்லாம் சேர்த்து எட்டு டின். மீதி ஐந்துக்கு வாத்தியார் தன் வீட்டுக்குப் போனார். மனைவி சாரதாம்பாள் பானையைத் திறந்து தானே அளந்தாள்.

"இதப் போட்டா மாசக் கடைசி வரைக்கும் ரெண்டு டின்தான்."

"தெரியும்."

"அப்புறம் கெழங்குதான். வயித்த வலிக்குது, கியித்த வலிக்குதுன்னு எங்கிட்ட வரக்கூடாது."

நாலே முக்காலுக்குத் தேவதாஸ் பட்டியலில் பதின்மூன்று பெயரையும் கோடு போட்டு அடித்தார். முப்பதுக்குப் பதினேழு. தாளில் 2603 என்று ஜப்பான் வருஷத்தைப் போட்டு முத்திரை குத்தினார். லோரி வந்து தாளையும் அரிசியையும் வாங்கிக்கொண்டு போயிற்று.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே கண்ணம்மா வாசலில் நின்றாள். கூட ஒன்பது பிள்ளைகள்.

"இன்னிக்கு அரிசி இல்ல" என்றார் அப்பாசாமி.

"தெரியும். பேரப் பதிவுல போடுங்க. அடுத்த பரீட்சைக்கு எவனும் வந்து டின்னப் புடுங்கக் கூடாது."

"பதிவுல போட்டா அப்புறம் பேர அடிக்க முடியாது. இதுங்க தேறலன்னா என் கதி என்னாகும்?"

"அதுக்குத்தான நீங்க இருக்கீங்க? சொல்லிக் குடுங்க." நடுப்பிள்ளையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளினாள். "இதுக்கு மட்டும் ரெண்டு அடி சேத்துக் குடுங்க. கோழி போட்டு வச்சிருக்கு, எரும."

அவர் பதிவேட்டைப் பிரித்து யோசித்தார். பிறகு ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதினார். முப்பத்தொன்பது. அடுத்த தடவை இருபது பேர் தேற வேண்டும். கையில் இருப்பது பதினேழு.

கரும்பலகையைத் துடைத்துவிட்டு, ஜப்பான் எழுத்தில் முதலாவதைப் பெரிதாக எழுதினார்.