முக்குன்றுக் குழுவின் இரண்டாம் தட்டு

துணிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீசை அமிர்தவல்லி இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. கோபத்தை விடச் சிரிப்பு உடம்புக்கு நல்லது என்று அதையே வைத்துக்கொண்டாள்.

'செஞ்சி முக்குன்று மெல்லிசைக் குழுவினரின் புத்தம் புதிய இசைத்தட்டு. விரைவில் வருகிறது. அதே குழு. அதே இனிமை. அதே சிணுங்கல்.'

தட்டு இன்னும் பதிவாகவே இல்லை. நோட்டீஸ் மட்டும் திண்டிவனம் அச்சகத்திலிருந்து வந்து, பஜார் முழுக்க ஒட்டப்பட்டுவிட்டது. துணிக்கடை இராமச்சந்திரன் அப்படித்தான். குழுவின் தலைவரும் அவர், ஆர்மோனியமும் அவர். வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஞானத்தில் மூழ்கிவிட்டார் என்று ஜனங்கள் நினைப்பார்கள். கட்டை தப்பும்போது எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை என்பது கூடப் பாடியவளுக்குத்தான் தெரியும்.

கூடப் பாடியவள் அமிர்தவல்லி. 'அதே சிணுங்கல்' என்று நோட்டீசில் போட்டிருந்ததே, அது அவளுடையது. இரண்டாவது பிரசவத்துக்காக மூன்று மாதம் மேடைக்குப் போகாமல் இருந்தாள். திரும்பிப் போனபோது அவள் நிற்கும் இடத்தில் சிங்கவரத்துப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"பச்ச உடம்பு, இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றார் இராமச்சந்திரன்.

"எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"பாடறவங்க வருவாங்க, போவாங்க, அமிர்தம். பேர்ப்பலகதான் நிக்கும். முக்குன்றுன்னு பேரு இருக்குது பாரு, அதுக்குத்தான் ஜனம் வருது."

"அப்ப பலகையே பாடட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பஜாரில் ஒரு காபி ஓட்டல் இருந்தது. அதை ஆரம்பித்த ஐயர் திருவண்ணாமலைக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது. பலகையில் இன்னும் அவர் பெயர்தான். உள்ளே கிடைக்கும் காபியைக் குடித்தவர்கள் பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போவார்கள். இராமச்சந்திரனின் கச்சேரியும் இனிமேல் அப்படித்தான் என்று அமிர்தவல்லி கணக்குப் போட்டாள். ஆனால் அந்தக் கணக்கில் இடித்தது ஒன்றே ஒன்று. குழுவில் தபேலா வாசிக்கிற சொக்கலிங்கம் அவளுடைய புருஷன். பெண்டாட்டியை அனுப்பிய பிறகும் அவன் அங்கேயேதான் வாசித்துக்கொண்டிருந்தான்.

சொக்கலிங்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். அவன் வாய் பேசாத மனிதன். 'உம்' என்பது அவனுக்கு ஒரு முழு வாக்கியம். ஊராரிடம் பேச வேண்டியதையெல்லாம் அவன் தபேலாவில்தான் பேசுவான். அதை விடச் சொன்னால் ஊமையாகிவிடுவான் என்று தெரிந்துதான் அமிர்தவல்லியும் விடச் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டிருக்கலாமே என்பதுதான் அவளுடைய வருத்தம்.

அந்தச் சிணுங்கலின் கதை புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மெட்ராசுக்குப் போய் முதல் தட்டைப் பதிவு செய்தார்கள். ஒரு பக்கம் சந்தைப் பாட்டு. சந்தைக்குப் போன புருஷன் பொழுது சாய்ந்தும் வரவில்லை என்று ஒருத்தி கேட்கிற பாட்டு. மைக் உயரத்துக்கு எட்டவில்லை என்று அமிர்தவல்லியை ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காலையிலிருந்து வாந்தி. அதன் காரணத்தை வரும் வழியில் பஸ்ஸில்தான் புருஷனிடம் சொல்லியிருந்தாள். இரண்டாவது சரணத்தில், 'ஏன் தாமதம்' என்று அவள் கேட்கிற இடத்தில், பெட்டி லேசாக ஆடியது. சொக்கலிங்கம் பதறி நிமிர்ந்து பார்த்தான். கை நின்றுவிட்டது. தாளம் ஒரு சுற்று சுற்றி வரும்வரை, ஒரு முழு ஆவர்த்தம், தபேலா இல்லை. அமிர்தவல்லி அவனைப் பார்த்தாள். வீட்டில் அவன் சாப்பாட்டுக்கு லேட்டாக வந்தால் எப்படிச் சிணுங்குவாளோ அப்படி, பாதி கோபமும் பாதி சிரிப்புமாக, வாயைத் திறக்காமல் ஒரு சிணுங்கல். உடனே அவன் கை திரும்பிவிட்டது. பாட்டு மேலே போனது.

கண்ணை மூடியிருந்த இராமச்சந்திரனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. தட்டு வெளியே வந்து, வல்லத்திலிருந்து பனமலை வரை கல்யாண வீடுகளில் எல்லாம் அந்த இடம் வரும்போது ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்ததும், "அது நான் வெச்சது, நம்ம குழுவோட முத்திர" என்று சொல்லிக்கொண்டார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அவன் விட்ட அடியும் அவள் காப்பாற்றிய விதமும் ஊர்வாயில் விழாமல் தங்களோடே இருந்ததில் அவர்களுக்கு ஒரு சுகம் இருந்தது.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் சிங்கவரத்துப் பெண்ணே வீடு தேடி வந்துவிட்டாள். வள்ளியம்மை என்று பேர். கையில் தாம்பாளம், அதில் வாழைப்பழமும் பூவும்.

"அக்கா, அண்ணன் அனுப்பிச்சாரு."

"எந்த அண்ணன்? கண்ண மூடிக்கினு வாசிப்பாரே, அவரா?"

வள்ளியம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அந்தச் சிணுங்கல ஒரு தபா செஞ்சி காட்டச் சொன்னாருக்கா. தட்டப் போட்டுப் போட்டுக் கேட்டுட்டேன். எனக்கு விக்கல் மாதிரி வருது."

"எங்க, பாடு பாக்கலாம்."

பெண் பாடினாள். அமிர்தவல்லி ஏளனத்தை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். அதைப் போட இடமே கிடைக்கவில்லை. குரல் நன்றாக இருந்தது. தன்னுடையதைப் போல இல்லை, ஆனாலும் நன்றாக இருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது காலில் முள் குத்தி, வலியை வெளியே காட்டாமல் விழுங்கியவளைப் போல ஒரு சத்தம் செய்தாள். அமிர்தவல்லிக்கு மனசு நிறைந்துவிட்டது.

"இத ரெண்டு பாட்டுலயும் வெக்கச் சொல்றாருக்கா" என்றாள் வள்ளியம்மை. "ஒண்ணு முருகன் பாட்டு. சாமிகிட்ட போயி எப்பிடிக்கா சிணுங்கறது?"

"அது கத்துக்குடுக்கற சாமான் இல்ல. பழத்த எடுத்துக்கினு போ. போயி உங்க அண்ணன்கிட்ட சொல்லு, வேணும்னா அவரு கண்ணத் தொறந்துக்கினு சிணுங்கட்டும்."

வெயிலில் வந்த பெண்ணாயிற்றே என்று காபி மட்டும் கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்த வள்ளியம்மை வாசலில் நின்றாள். "எனக்கு மட்டும் ஆசையாக்கா? எல்லாரும் அமிர்தவல்லி மாதிரி பாடு, அமிர்தவல்லி மாதிரி பாடுன்றாங்க. நீ பாடுன்னு ஒருத்தரும் சொல்லல."

அவள் படியிறங்கியதும் அமிர்தவல்லி கதவைச் சாத்தினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சைக்கிள் கடைக்குப் போனாள்.

சொக்கலிங்கம் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணு வந்துச்சி."

"உம்."

"அந்த எடம் வந்தா நீங்க இன்னா செய்யறீங்க?"

"கைய நிறுத்தச் சொல்லியிருக்காரு."

"நிறுத்தறீங்களா?"

டியூபிலிருந்து குமிழிகள் கிளம்பின. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒத்திகைல நிறுத்தறேன்."

"அன்னிக்கி என்னப் பாத்துத் தானா நின்னுச்சி. இப்ப துணிக்கடக்காரரு சொல்லி நிக்குது. நல்ல முன்னேத்தம்."

"அமிர்தம்..."

"நான் உங்கள வாசிக்காதன்னு சொல்லல. இன்னா வேணா வாசிங்க, யாருக்கு வேணா வாசிங்க. ஆனா மெட்ராஸ்ல போயி அந்த எடத்த இன்னொருத்திக்குக் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா, அப்புறம் என் வாயிலேர்ந்து பாட்டே வராது. ஊட்டுலயும் வராது. ஏணைல போட்டுப் புள்ளைய ஆட்டறப்பகூட வராது. இப்பிலேர்ந்தே நிறுத்திட்டேன்."

அவன் பஞ்சர் விழுந்த இடத்தில் கட்டை விரலை வைத்து அமுக்கினான். குமிழி நின்றது.

மறு வாரம் குழு மெட்ராசுக்குப் போய்த் திரும்பியது. மூத்த குழந்தைக்கு ஒரு தகர மோட்டாரும் வீட்டுக்கு அல்வாவும் வாங்கி வந்தான் சொக்கலிங்கம். பதிவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் தோற்ற மாதிரி என்று அவளுக்கு ஒரு வீம்பு. ஏணையைக் கையால் மட்டும் ஆட்டினாள். பாட்டில்லாத ஏணை அந்தக் குழந்தைக்குப் பழக்கமில்லை. அழுது அழுது, சலித்துப்போய்த்தான் தூங்கும். அப்போதெல்லாம் சொக்கலிங்கம் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றிருப்பான். நிற்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

தட்டு வந்ததும் சந்தை நாளில் வெளியீட்டு விழா வைத்தார் இராமச்சந்திரன். துணிக்கடை வாசலில் பந்தல், தோரணம். எதிர்க் கம்பத்தில் ரேடியோக் கடை தர்மநாதன் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார். அமிர்தவல்லி நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, குழந்தையோடு முன்னால் போய் நின்றாள். தன் இடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்ததை மறைவாகக் கேட்டு அழுகிற ஜாதி இல்லை அவள். நாலு பேர் பார்க்கக் கேட்டுவிட்டு, நாலு பேர் பார்க்கச் சிரித்துவிட்டுப் போவதாகத்தான் வந்திருந்தாள்.

இராமச்சந்திரன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு மைக்கில் கொஞ்சம் பேசினார். பிறகு நிறையப் பேசினார். குழு, பெயர், பலகை, பாரம்பரியம். நாலு வருஷப் பாரம்பரியம். பந்தலில் போட்டிருந்த ஒற்றை மின்விசிறியும் அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. வள்ளியம்மை ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் முருகன் பாட்டு. தபேலா எங்கேயும் நிற்கவில்லை, யாரும் சிணுங்கவில்லை. சாமி தப்பித்தார் என்று அமிர்தவல்லி நினைத்துக்கொண்டாள். கூட்டமும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. தர்மநாதன் தட்டைத் திருப்பிப் போட்டார். இது சந்தைப் பாட்டின் தொடர்ச்சி, அதே மெட்டில் சந்தையிலிருந்து புருஷன் திரும்பி வந்த பாட்டு. இரண்டாவது சரணம் நெருங்க நெருங்கப் பஜாரில் பேரம் நின்றது. வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அமிர்தவல்லி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். எதைப் பார்த்துச் சிரிக்க வந்தாளோ அது வரும்போது சிரிப்பு வராது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த இடம் வந்தது. தபேலா நிற்கவில்லை.

ஒரு முழு ஆவர்த்தம், ஒரு அடிகூடச் சிந்தாமல், நிதானமாக வந்தது. அதன்மேல் வள்ளியம்மையின் குரல் வளையாமல் நெளியாமல் நேராக நடந்து அடுத்த வரிக்குப் போனது. அமிர்தவல்லிக்கு அந்த ஆவர்த்தத்தை நன்றாகத் தெரியும். முதல் தட்டுக்கு முன் வீட்டில் அவளை எதிரில் உட்கார வைத்து அவன் பழகியது அது. பெட்டி ஆடிய அன்று கையிலிருந்து நழுவியது. இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. சிணுங்கல் எங்கே என்று யாரோ கேட்டார்கள். இராமச்சந்திரன் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் கவனிச்சிருப்பீங்க. போன தபா அந்த எடத்துல தபேலா நின்னுச்சி. இந்தத் தபா நிக்கல. அதுதான் புதும. அது நான் வெச்சது."

வல்லத்திலிருந்து கடலை மூட்டையோடு வந்திருந்த ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "பொண்ணு நல்லாத்தான் பாடுது. நீங்க பேசாம இருந்தா இன்னும் நல்லாக் கேக்கும். தர்மநாதா, அந்தப் பழசையும் ஒரு தபா போடு."

அமிர்தவல்லி தெருவைக் கடந்து சைக்கிள் கடைக்குப் போனாள். விழாவுக்குப் போகாமல் சொக்கலிங்கம் ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"மெட்ராஸ்ல அவரு ஒண்ணும் சொல்லலயா?"

"பதிவு முடிஞ்சிதான் கண்ணத் தொறந்தாரு. அதுக்குள்ள அடுத்த கோஷ்டி உள்ள வந்துட்டாங்க." பம்பை ஒரு தடவை அழுத்தினான். "பஸ்ல சொன்னாரு. திண்டிவனம் வரைக்கும் சொன்னாரு. அப்புறம் தூங்கிட்டாரு."

"அந்தப் பொண்ணு?"

"நான் நிறுத்தலன்னதும் திரும்பி ஒரு பார்வ பாத்துச்சி. அப்புறம் அதும்பாட்டுக்குப் பாடிக்கினு போயிடுச்சி. அதுக்கும் நிம்மதிதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அவளுக்கு எரிச்சல் வந்தது. இத்தனை நாள் குழந்தை அழுத அழுகையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எரிந்தது. "கேக்கலன்னா? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

"தட்டு வரட்டும்னு இருந்தேன். நான் சொன்னா நம்பமாட்ட."

அது உண்மைதான். அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"இனிமே குழுவுல?"

"வேற ஆளு பாக்கறேன்னாரு. பாக்கட்டும்."

"அப்புறம் அடுத்த நோட்டீசுலயும் அதே குழுன்னு போடுவாரு."

"அதே பலக" என்றான் சொக்கலிங்கம். அவன் சொல்லி அவள் சிரித்தது கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைதான் இருக்கும்.

குழாயில் பழைய தட்டு பாட ஆரம்பித்தது. மரப்பெட்டி மேல் நின்ற பழைய அமிர்தவல்லி, வராத புருஷனைப் பஜாருக்கே கேட்கும்படி கேட்டுக்கொண்டிருந்தாள். சொக்கலிங்கத்தின் விரல்கள் தங்களை அறியாமல் சைக்கிள் சீட்டின் மேல் தாளம் போட்டன. புது அமிர்தவல்லி இடுப்பில் குழந்தையோடு அவன் முகத்தையே பார்த்தாள்.

"நாலு வருசம் கழிச்சி வந்து சேந்துதா அந்த அடி? மெட்ராஸ்லேர்ந்து நடந்து வந்திருந்தாக்கூட முன்னாடியே வந்திருக்கும்."

வெயிலுக்கோ சத்தத்துக்கோ குழந்தை அழ ஆரம்பித்தது. அமிர்தவல்லி அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு தட்டினாள். எதிரே குழாயில் அந்தச் சரணம் வருவதற்குள்ளேயே, வாயைத் திறக்காமல், குழந்தைக்கென்றுதான், அந்தச் சிணுங்கலைச் சிணுங்கினாள்.

சைக்கிள் சீட்டின் மேல் அவன் கை தானாக நின்றது.