பின்பெஞ்சில் இருவர்

பிரேக் போடும்போதெல்லாம் வேனின் பின்பெஞ்சுக்கு அடியில் யாரோ இரண்டு முறை தட்டினார்கள். டொக், டொக்.

படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய கேம்பர் வேன் அது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் அதை வாங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. டயர், பிரேக், ஸ்டியரிங் எல்லாவற்றையும் அவரே பார்த்துவிட்டார். அந்தச் சத்தம் மட்டும் பிடிபடவில்லை. மறுநாள் காலை மனைவியையும் இரண்டு மகள்களையும் ஏற்றிக்கொண்டு கடல் பார்க்கப் போவதாக ஏற்பாடு. மரத்துக்குள்ளிருந்து வரும் சத்தம் என்பதால் தச்சரைக் கூப்பிட்டிருந்தார்.

தச்சர் வந்தபோது பிள்ளைகள் பின்பெஞ்சில் பெல்ட் போட்டுக்கொண்டு, நாளைக்கே கிளம்பிவிட்டவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. வீட்டில் டீச்சர் என்று பெயர். இளையவளுக்கு ஆறு, அவள் பெயர் வால்.

"கீழ யாரோ இருக்காங்க தாத்தா," என்றாள் வால். "இறங்கணுமாம். அதான் தட்டறாங்க."

"தாத்தா இல்லடி, மாமா. தாத்தான்னா முடி முழுக்க வெள்ளையா இருக்கணும்."

"இவருக்குப் பாதி வெள்ளை."

"அப்போ பாதி மாமா," என்று தீர்ப்புச் சொன்னாள் டீச்சர்.

தச்சர் சிரித்தார். அம்மா வந்து இருவரையும் வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போனாள். தச்சர் மெத்தையை நகர்த்தி, பெஞ்சின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

தச்சர்கள் அளவுகளை வெளியே தெரியாத பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். வேலை முடிந்தபின் அதை யாரும் அழிப்பதில்லை. பெஞ்சின் உட்பக்கத்தில் அப்படி ஒரு வரிசை எண்கள் இருந்தன. எட்டு என்ற எண், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு வட்டங்களாக இருந்தது. எட்டை அப்படி எழுதும் ஒரே ஒருவரைத்தான் அவருக்குத் தெரியும்.

பதினேழு வருடங்கள். வேனுக்கு வேறு நிறம் அடித்திருந்ததால் வெளியே பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கும் ஒரு குடும்பம். அன்றைக்கும் இரண்டு குழந்தைகள். பெஞ்சு முடிந்ததும் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள். பெல்ட்டும் வேண்டும் என்று அவர்களின் அப்பா கேட்டார். தச்சர் ப்ளைவுட்டில் துளை போட்டு, அகலமான வாஷர் வைத்து, போல்ட்டை முடுக்கிக் கொடுத்தார். அதே ப்ளைவுட்டில், அதே வாஷரில் அவர் தொங்கவிட்ட அலமாரிகள் நூறு கிலோ பாத்திரத்தைச் சுமந்துகொண்டு எத்தனையோ சமையலறைகளில் நின்றன. குழந்தை எவ்வளவு கனம் இருந்துவிடப் போகிறது?

அலமாரி ஓடாது, வேன் ஓடும் என்பது அன்று அவருக்குத் தோன்றவில்லை. சில வருடங்கள் கழித்து ஒரு பட்டறையில், நொறுங்கிப்போன கார் ஒன்றின் பெல்ட் வண்டியின் இரும்போடு பிணைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து சாலையில் கேம்பர் வேன் வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தைரியம் வந்ததில்லை.

இப்போது போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. வாஷர் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு புது நட்டும் இரண்டு திருகும் போட்டால் சத்தம் நின்றுவிடும். பத்து நிமிட வேலை.

"செஞ்சவன் கெட்டிக்காரன்ணே," என்றார் மெக்கானிக், பெஞ்சைத் தடவியபடி. "ஒரு ஆணித்தலை வெளிய தெரியுதா பாருங்க. அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் குடுங்க, போதும்."

பாராட்டு தச்சரின் காதில் விழுந்தது. கடவுள் மனிதனைச் சோதிக்கும்போது பெரும்பாலும் கடுமையாகப் பேசுவதில்லை. இப்படி நல்ல வார்த்தை சொல்லித்தான் சோதிக்கிறார். ஸ்பேனரைக் கையில் எடுத்தவர், அப்படியே வைத்துவிட்டார்.

"தம்பி, பிள்ளைங்கள இதுல உட்கார வைக்காதீங்க. பெல்ட்டு மரத்துலதான் நிக்குது."

"பாறை மாதிரி இருக்கேண்ணே. நாளைக்குக் காலைல கிளம்பணும், இப்போ போய் பயமுறுத்தறீங்க."

"பயமுறுத்தலப்பா."

"அப்போ ஏத்திப் பார்த்துருவோம்." மெக்கானிக்கின் தொழில்குணம் வெளியே வந்தது. "எங்க வேலையில புது லிஃப்ட்ல ஆளை விடமாட்டோம். அதே கனத்துல மூட்டையை ஏத்தித்தான் முதல்ல ஓட்டுவோம்."

குளியலறை எடைமெஷின் முற்றத்துக்கு வந்தது. பெரியவள் இருபத்தெட்டு கிலோ, சின்னவள் பத்தொன்பது. அதே எடைக்கு இரண்டு சாக்கில் மணல் அள்ளிக் கட்டினார்கள். அம்மா பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். மூட்டைகளுக்குப் பெல்ட் மாட்டியது அவள்தான். சின்ன மூட்டைக்கு மாட்டும்போது, பெல்ட் கழுத்தில் உராயாமல் இருக்க வழக்கம்போல் சற்றுக் கீழே இழுத்துவிட்டாள். பிறகுதான் தான் செய்தது உறைத்ததுபோல் கையைச் சட்டென்று பின்னுக்கு எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால், மூடிக் கிடந்த கிடங்குக்கு வெளியே சிமென்ட் தரை நீளமாக இருந்தது. டிரைவர் சீட்டின் முதுகுக்கு அண்டக் கொடுத்து ஒரு மெத்தையை மடித்து வைத்தார் தச்சர். நல்ல வெயில். வேன் தரையின் கோடிக்குப் போய்த் திரும்பியபோது, அதன் பக்கவாட்டு ஜன்னலில் இரண்டு உருவங்கள் அடக்கமாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தச்சரால் கண்ணை எடுக்க முடியவில்லை. பதினேழு வருடங்களாகப் பார்க்காமல் விட்ட ஜன்னல் அது.

வேன் முப்பது கிலோமீட்டர் வேகத்தைக்கூடத் தாண்டவில்லை. மெக்கானிக் பிரேக்கை அழுத்தினார்.

டொக், டொக். அதன்பின் மூன்றாவதாக ஒரு சத்தம், பூட்டிய கதவு பிளந்துகொண்டதுபோல. அதன்பிறகு ஒன்றும் இல்லை.

அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். பெஞ்சு முன்னால் குப்புறக் கிடந்தது. பெல்ட்டின் நுனியில் போல்ட்டோடு தட்டு அளவுக்கு ஒரு துண்டு மரம் தொங்கியது. பெரிய மூட்டை மெத்தையில் மோதிக் கிழிந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது. சின்னது இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே பறந்து போய், கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மெக்கானிக் இறங்கி வந்தார். "மழைத்தண்ணி இறங்கியிருக்கும். மரம் ஊறிப்போயிருக்கு, அதான்."

தச்சர் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார். தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடைக்காது.

"தண்ணி இல்ல தம்பி. மரம் காஞ்சுதான் இருக்கு. தப்பு மரத்து மேல இல்ல." அவர் அந்தத் துண்டைக் கீழே வைத்தார். "இதைச் செஞ்சவன் நான்தான்."

மெக்கானிக் அவரையே பார்த்தார். அடிப்பாரோ என்று தோன்றியது. அடித்திருந்தால் தச்சருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். மெக்கானிக் திரும்பி நடந்து, கிடங்கின் சுவரில் நெற்றியைச் சாய்த்து நின்றுவிட்டார்.

"இதை முதல்ல வெச்சிருந்த குடும்பம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள் அம்மா.

"தெரியலம்மா. தெரிஞ்சுக்காமலே இருந்துட்டேன்."

"நட்டை முடுக்கிட்டுப் போயிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

அவள் எழுந்து மூட்டையை மெதுவாகத் தரையில் வைத்தாள். வீட்டுக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து முதலில் தச்சரிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நீங்க வேனை ஓட்டிட்டு வாங்க," என்றாள் கணவனிடம். "முன்சீட்டு இரும்புலதானே நிக்குது. நானும் பிள்ளைங்களும் பஸ்ல வர்றோம். அங்க நிறுத்தி வெச்சு எல்லாரும் அதுல தூங்கிக்கலாம்." மெக்கானிக் சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

பிறகு அவள் தச்சரிடம் திரும்பினாள்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை வண்டிக்குச் செஞ்சீங்கண்ணா?"

"ஆறு."

வேலிக்கு அப்பால் சாலையில் ஏதோ ஒரு வண்டி பிரேக் போட்டது. தச்சர் தலை நிமிர்த்திக் காதைத் தீட்டிக்கொண்டார். அவளும்தான்.

அவள் டீச்சரின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்துவந்து, வேனின் படியில் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க, எழுதிக்கறேன். தேடிப் பிடிச்சுடலாம்."

"ஒண்ணு, பல் டாக்டரோடது," என்று ஆரம்பித்தார் தச்சர். "பச்சைத் திரை போட்டிருக்கும். மூணு பசங்க."

மூணு என்று அவள் எழுதிக்கொண்டாள்.