யாரும் பேசாத பெஞ்ச்

ஏப்ரலில் மைதானத்துப் பனி முழுதாக உருகும் முன்பே டாலிவர் நாரைகள் பேஸ்பால் அணியினர் தோற்க ஆரம்பித்துவிட்டார்கள். மே மாதம் சொந்த ஊரில் தோற்றார்கள். ஜூனில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்த் தோற்றார்கள். நான் அந்த அணியின் பிசியோ. முட்டிக்கு ஐஸ் கட்டுவது, கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, "இன்னிக்கு நீ ஆட முடியாது" என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொள்வது, இதெல்லாம் என் வேலை. பெயர் லோரெட்டா பிஷாக். பையன்கள் "டாக்" என்று கூப்பிடுவார்கள். டாக்டருக்குப் படித்தவள் இல்லை என்று வந்த வருடம் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்பதாக இல்லை, விட்டுவிட்டேன்.

தோற்கிற பேஸ்பால் அணியில் மூடநம்பிக்கை சளி மாதிரி, ஒருவனுக்கு வந்தால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஆட்டம் சேர்ந்தாற்போல் ஜெயித்த வாரத்தில் போட்டிருந்த காலுறையை மூன்றாவது பேஸில் நிற்கும் எங்கள் ஆட்டக்காரன் அதன் பிறகு துவைக்கவே இல்லை. மேனேஜர் ஹால் க்ரெப்ஸ் பேரன் எடுத்த மனிதர். மைதானத்துக்குள் போகும்போது வெள்ளைக் கோட்டை மிதிக்காமல், பாண்டி ஆடும் சிறுமிபோல ஒரு குதி குதித்துத்தான் தாண்டுவார். சிரித்தால் கோபம் வரும். நான் சிரிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைப் பெரிய லீக்கிலும் மீற மாட்டார்கள், பள்ளிக்கூட ஆட்டத்திலும் மீற மாட்டார்கள். ஒரு வீச்சாளன் பந்து வீசி, எதிரணியில் ஒருவன்கூட அதை அடித்துவிட்டு, ஓட்டத்தின் முதல் முனையான பேஸுக்குக்கூடப் போய்ச் சேராமல் ஆட்டம் பாதியைத் தாண்டிவிட்டால், அவனோடு யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. கண்ணைப் பார்க்கக் கூடாது. அப்படி முடிகிற ஆட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை வாயால் சொன்னாலே கலைந்துபோகும் என்பார்கள். இத்தனை நடந்த பிறகும் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அணியில் அந்த மாதிரி ஆட்டத்துக்கு யாராவது தகுதியானவன் என்றால் அது வெண்டல் ஓக்ஸ்தான். வயது முப்பத்தொன்று. எங்களைப் போன்ற கீழ் லீக்கில் அது கிழவன் வயது. பல வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பரில் பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வந்து போனான். பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பந்துகூட வீசச் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை அவனே ஜோக்காகச் சொல்வான். "அங்க பெஞ்சுல கொறிக்கிற சூரியகாந்தி விதை நல்லாயிருக்கும் டாக், உப்பு சரியா இருக்கும்." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பான்.

ஜூலையில் ஒருநாள் என் அறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டான்.

"தூங்கி எழுந்தா கை மரத்துப் போயிருக்கு டாக். வயசானா அப்படித்தானா?"

"எந்தக் கை?"

"எறியற கை."

"ஒழுங்கா டாக்டரப் போய்ப் பாரு. நானே சீட்டு எழுதித் தரேன்."

"சீசன் முடியட்டும், செப்டம்பர்ல பாத்துக்கலாம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். பிறகு இரண்டு முறை பிடித்துக் கேட்டேன். சரியாகிவிட்டது என்றான். பந்தும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மதியம். தார்ச்சாலை உருகுகிற வெயில். பெரிய லீக்கிலிருந்து ஓர் ஆள் வந்து, வேகம் அளக்கிற கருவியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு வீச்சாளருக்கு அடிபட்டிருந்தது. மாற்று ஆள் தேடி வந்திருக்கிறார், அதுவும் வெண்டலைத்தான் பார்க்க வந்திருக்கிறார் என்பது பாப்கார்ன் விற்கிறவன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். வெண்டலுக்கும் தெரியும். அன்றைக்கு அவன் வீசியதைப் போல் நான் எங்கும் பார்த்ததில்லை. வந்தவன் எல்லாம் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவது முடிந்ததும் பெஞ்சில் பேச்சு குறைந்தது. ஆறாவது முடிந்ததும் நின்றே போனது. வெண்டல் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தான். அவனைச் சுற்றி, தொற்றுநோய்க்காரனைச் சுற்றி விடுவதுபோல இடம் விட்டு மற்றவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வருடம் முழுவதும் தோற்ற பையன்கள். அவர்களுக்குப் பெருமைப்பட இந்த ஒரு ஆட்டம்தான் மிச்சம். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

ஏழாவதுக்குப் பிறகுதான் அதைக் கவனித்தேன். அந்த வெயிலில் வெண்டல் தன் வலது கையை இடது அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். பிறகு வெளியே எடுத்து வாயால் ஊதினான். ஜனவரியில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் ஊதுவதுபோல.

எழுந்தேன்.

"எங்க போற?" என்றார் க்ரெப்ஸ், திரும்பாமலே.

"தண்ணி குடிக்க."

"தண்ணி இந்தப் பக்கம் இருக்கு லோரெட்டா."

உட்கார்ந்தேன். பயந்துதான் உட்கார்ந்தேன், அதில் என்ன வெட்கம். இருபது ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருமக்கூட எவளுக்கும் தைரியம் வராது.

எட்டாவதிலும் ஒருவனும் அடிக்கவில்லை. ஆனால் ஒரு பந்து பேட்டரின் தலைக்கு மேலே போனது, இன்னொன்று மண்ணில் விழுந்தது. வெண்டல் வீசும் பந்தைப் பிடிக்கிற கேட்சர் டியேகோ அரிஸ்மெண்டி உள்ளே வந்து முகக்கவசத்தைக் கழற்றி வைக்கும்போது அவன் பக்கத்தில் போய் நின்றேன். வெனிசுவேலாக்காரன், கலகலப்பானவன். அன்றைக்கு வியர்வையோடு சேர்ந்து முகமே வழிந்துவிட்டதுபோல் இருந்தான்.

"அவன் கைக்கு என்ன?" என்று உதடு அசையாமல் கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் கேக்கல டாக். நான் ஒண்ணும் சொல்லல."

"டியேகோ."

"பந்து எப்ப கைய விட்டுப் போவுதுன்னு அவனுக்கே தெரியல" என்றான் தரையைப் பார்த்து. "போங்க. ப்ளீஸ். இன்னும் மூணு அவுட்தான் பாக்கி."

எங்கள் ஆட்கள் பேட் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு ரன் முன்னால் இருந்தோம். வெண்டல் காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தன் மூலைக்குப் போனான். கோப்பை அவன் வலது கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. அவனுக்கு அது விழுந்ததே தெரியவில்லை. வெறும் கையை வாய்வரை கொண்டுபோய்விட்டுத்தான் பார்த்தான்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. நான் அவர்களைத் தாண்டிப் போகும்போது யாரோ ஒருவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டுப் போய், யாரும் உட்காரக் கூடாத அந்த இடத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சே ஒருமுறை முனகியது.

"கையக் காட்டுடா."

அவன் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "போங்க டாக்."

நானே எடுத்தேன். ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மாதிரி இருந்தது. ஆட்காட்டி விரல் நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்தது. நல்ல கை என்றால் மறுநொடியே சிவக்கும். இது வெளுத்தபடியே இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"அஞ்சாவதுலேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். அந்தக் கண்ணை நான் இன்னும் மறக்கவில்லை.

"யார்கிட்ட சொல்றது? ஒருத்தராச்சும் பக்கத்துல வந்தீங்களா?"

அவன் என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டான். "இப்ப வந்துட்டீங்க, சரி. பாக்காத மாதிரி எழுந்து போயிடுங்க. மூணு அவுட் டாக். அப்புறம் இந்தக் கைய வெட்டி எடுத்துக்கிட்டாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"ஹால்!" என்று கத்தினேன்.

க்ரெப்ஸ் வந்தார். கோபத்தில் காது மடல் சிவந்திருந்தது. "நீ என்ன பண்ணிட்டன்னு உனக்குத் தெரியுதா?"

"இவன் கைக்கு ரத்தம் போகல. எங்கயோ அடைச்சிருக்கு. இவன் இனிமே வீசக் கூடாது."

"வெண்டல், முடியுமா உன்னால?"

"முடியும் கோச்."

"முடியும்ங்கிறான்."

"சரி" என்றேன். அவன் மடியிலேயே அவன் கையை மல்லாக்க வைத்தேன். "கண்ண மூடு." மூடினான். பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து அவன் விரல் நுனிகளில் பட வைத்தேன். "என்ன இருக்கு?"

"பந்து."

சத்தமில்லாமல் பந்தை எடுத்து க்ரெப்ஸ் கையில் கொடுத்தேன். "இப்ப?"

"பந்துதான். இருக்கு. நல்லாத் தெரியுது, தையல்கூடத் தெரியுது."

க்ரெப்ஸ் தன் கையிலிருந்த பந்தைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு காலி விரல்களை வளைத்து உட்கார்ந்திருந்த வெண்டலைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து, வேறொரு வீச்சாளரைத் தயார் செய்யச் சொன்னார். வெண்டல் கண்ணைத் திறந்தபோது பந்து எங்கே இருக்கிறது என்று அவனுக்கும் தெரிந்தது.

ஒன்பதாவதுக்கு வேறு ஆள் பந்து வீசும் மேட்டில் ஏறியதும் அரங்கம் ஊளையிட்டது. அந்தப் பிள்ளை வீசிய இரண்டாவது பந்தே அடி வாங்கியது. அதன் பிறகு எல்லோரும் அடித்தார்கள். அந்த ஆட்டத்தையும் தோற்றோம். அதற்கு முன்பே, முன்வரிசை ஆள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனதை, நான் வரவழைத்த ஆம்புலன்ஸின் கதவு வழியாக வெண்டல் பார்த்தான். நானும் பார்த்தேன்.

தோள் மூட்டுக்குக் கீழே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்திருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் ஒரு இன்னிங்ஸ் வீசியிருந்தால் விரல்கள் போயிருக்கும், கையே போயிருக்கலாம் என்றார் டாக்டர். இனி வீச முடியுமா என்று வெண்டல் கேட்டான். பிள்ளைகளோடு விளையாடலாம் என்றார் அவர்.

மீதி இருந்த ஆட்டங்களில் பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. என்னைச் சுற்றி இடம் விட்டு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கட்டுப் போட வேண்டுமானால் வந்து காலை நீட்டுவார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். டாக்டர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும்தான். ஊர்க் காபிக்கடைப் பெண்கூடக் காபியை மேசையில் தட்டி வைத்து, "நீங்க அந்த நேரத்துல வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள். அரிஸ்மெண்டி மட்டும் ஒருநாள் தனியாக வந்தான்.

"நீங்க கேக்கலன்னா நான் கேட்டிருப்பேன் டாக்."

"கேட்டிருக்க மாட்ட."

"ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு சொல்லுக்காக அவனை எனக்குப் பிடிக்கும்.

செப்டம்பரில் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள், வெண்டல் தன் அலமாரியைக் காலி செய்ய வந்தான். இளைத்திருந்தான். பெட்டியை மூடிவிட்டு என் அறைக் கதவில், ஜூலையில் நின்ற அதே இடத்தில் வந்து சாய்ந்தான்.

"நன்றி சொல்ல வரல."

"நான் கேக்கலியே."

"தினம் ராத்திரி அந்த மூணு பேரையும் அவுட்டாக்கிட்டுத்தான் தூங்கறேன். மூணாவது ஆளுக்கு எப்பவும் ஒரே பந்துதான். வெளிய வளைஞ்சு போற பந்து." சிரிக்கப் பார்த்தான். "உங்கமேல எனக்கு இன்னும் கோபம்தான் டாக். நீங்க செஞ்சது சரின்னு தெரியும். அதனால கோபம் போக மாட்டேங்குது."

"இருந்துட்டுப் போகட்டும்டா."

"எங்க அப்பாவோட டயர் கடைக்குப் போறேன்" என்று சொல்லிக் கையை நீட்டினான். வலது கை. பிடித்தேன். சூடாக இருந்தது. பிடித்த பிடியிலேயே என் கட்டைவிரல், என்னைக் கேட்காமல், அவன் நகத்தின் மேல் போய் அழுத்தியது. விட்டேன். வெளுப்பு மறைந்து மெல்லச் சிவந்தது.

அவன் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

கையை இழுத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் அடுத்த விரலை நீட்டினான்.

"இதையும் பாருங்க டாக்."