வடிவு எழுதிய பலசரக்குச் சிட்டை

கடுகு வெடித்துக்கொண்டிருக்கிறது, இடது கையால் தாளிக்கிற கரண்டியை அடுப்புக்கு மேலே பிடித்தபடி வலது கையால் அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள், கறிவேப்பிலை உருவிப் போட வேண்டிய நேரம் வந்ததும் பேனாவைக் கொண்டையில் செருகுகிறாள், போட்ட கையோடு மறுபடி எடுத்துக்கொள்கிறாள், கண்ணை மூடினால் பிரமநாயகத்துக்கு வருகிற வடிவு இவள்தான், பட்டுச்சேலையும் மாலையுமாக மணவறையில் உட்கார்ந்திருந்தவள் எங்கே போனாளோ தெரியாது, நாற்பது வருஷம் கூட இருந்த மனைவியை அறுபத்தைந்து வயதில் ஒரு மனுஷன் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் காதில் மாட்டியதைக் கழற்றாமல் இருந்தவள் அவள், அந்தக் காலத்து டிரங்க் கால் மூன்று நிமிஷம், அதற்குள் ஜனங்கள் கல்யாணம் பேசி, சண்டை போட்டு, அழுது, மூக்கைச் சிந்தி முடித்துவிடுவார்கள், அந்தப் பழக்கம் இவளுக்கும் ஒட்டிக்கொண்டது, இட்லி வேகிற நேரத்தில் ஏழு வரி, பருப்பு மலர்கிற நேரத்தில் அரைப் பக்கம், எப்படித்தான் ஒனக்கு வருதோ என்று அவர் கேட்டால், மூணு நிமிஷத்துல ஒரு குடும்பமே அழுது முடிச்சிருது, எனக்கு ஒரு பாரா வராதாக்கும் என்பாள்.

ரிட்டயர் ஆனவர்கள் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புவார்கள், வடிவு அடுப்படியை விட்டு நகராமலே கதைக்குள் கிளம்பிப் போய்விட்டாள், அப்படித்தான் அவருக்குத் தோன்றும். ஆனால் போனவள் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை, அதுதான் அவருக்கு ஆச்சரியம், இரண்டு தெரு தள்ளியிருக்கும் மகள் சிவகாமி வேலைக்குப் போவதால் பேத்திகள் இரண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு இங்கிருந்துதான் போகிறது, சனிக்கிழமை தவறாமல் பழைய எக்ஸ்சேஞ்ச் சிநேகிதிகள் வருகிறார்கள், அவர்களுக்கு ரஞ்சிதபுஷ்பம் தலைவி, சொதியும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட்டு முடித்த பிறகு வடிவு அந்த வாரம் எழுதியதை வாசிப்பாள், அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அல்லது ரஞ்சிதம் இந்த இடம் சவசவன்னு இருக்குட்டி என்று முகத்துக்கு நேரே சொல்வாள், வடிவு சரி என்று திருத்திக்கொள்வாள். ஒரு தடவை அவர் மாடி அறையைக் காலி செய்து மேசை, நாற்காலி, தாழ்ப்பாள் எல்லாம் போட்டுக் கொடுத்தார், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று, ஒரு முழு நாள் உள்ளே இருந்தாள், சாயங்காலம் வெறும் தாளோடு இறங்கி வந்து, அங்க யாருமே கூப்பிட மாட்டேங்காங்க, பெறகு எப்படி எழுதுவேன் என்றாள். அன்றிலிருந்து காய் நறுக்குவதும் கடைக்குப் போவதும் அவர் பொறுப்பு, விதை ஆய்வாளராக இருந்த கை, வெண்டைக்காயை ஒரே அளவில்தான் நறுக்கும், ஒவ்வொரு கத்தரிக்காயையும் முகர்ந்து பார்த்துத்தான் எடுக்கும்.

நாவல் இருபத்தாறு அத்தியாயம் வந்துவிட்டது, சென்னையில் ஒரு பதிப்பகம் கேட்டிருந்தது, கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி, அங்கேதான் நின்றுபோனாள், ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, நாலு மாதம். கதையில் சங்கரமூர்த்தி என்று ஒரு கிழவர், சரியான இம்சை, எதை எடுத்தாலும் குறை, பெண்டாட்டி நின்றால் குற்றம் நடந்தால் குற்றம், பக்கத்து அறையிலிருந்து வாசிப்பைக் கேட்டுக்கொண்டே பிரமநாயகம் விழுந்து விழுந்து சிரிப்பார், இப்படியும் ஒரு மனுஷனா, இவனை எங்க பிடிச்சே என்று ஒரு நாள் எட்டிப் பார்த்துக் கேட்டார், சிநேகிதிகள் எல்லாரும் ஏனோ தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள், அந்த ஆளைச் சீக்கிரம் அனுப்பி வச்சிரு வடிவு, கதை இழுக்குது என்றும் யோசனை சொன்னார், வடிவு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டை மூடினாள், மூடினதுதான். பதிப்பகத்திலிருந்து போன் வருகிறது, எடுப்பதில்லை, நோட்டு ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது, கடுகு வெடிக்கிறது, அவள் வெறுமே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இனிமே எழுத்தெல்லாம் வேண்டாம், நோட்டைப் பழைய பேப்பர்க்காரன்ட்ட போட்டுருங்க என்றாள் ஒரு காலையில், சமையல் பாரம்தான் காரணம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, ஒரு வாரம் தானே சமைத்தார், அவர் வைத்த ரசத்தைப் பேத்திகள் வாய்க்குள் வைத்துக்கொண்டே அழுதார்கள், அவள் எழுதவும் இல்லை. தன்னைக் கட்டிக்கொண்டதால்தான் இவளுக்கு இந்தக் கதி என்றுகூட நினைத்தார், யாரிடம் சொல்ல.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. ஃபிரிட்ஜ் மேல சிட்டை இருக்கு, எடுத்துட்டுப் போங்க என்று குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள், நீளமாகக் கிழித்த தாள் ஒன்று கிடந்தது, அவள் கையெழுத்துதான், அரிசி எண்ணெய் என்று என்னவோ வரிசையாக இருந்தது, கண்ணாடி போடாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்த் தங்கப்பழம் அண்ணாச்சி கடையில் நீட்டினார், ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரில் படம் பார்த்தார். அண்ணாச்சி சிட்டையைப் படித்தார், அவரைப் பார்த்தார், மறுபடி படித்தார், யாருக்கு சார் என்றார் மெதுவாக, வீட்டுக்குத்தான் அண்ணாச்சி என்றார் இவர் தலை நிமிராமல். வழக்கமாக நாலு கதை பேசுகிற மனுஷன் அன்றைக்குப் பேசவில்லை, பையையும் சிட்டையையும் கையில் கொடுத்தபோது போயிட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, கடையில் என்ன பிரச்சினையோ பாவம் என்று நினைத்துக்கொண்டே வந்து பையை அடுப்படியில் வைத்தார்.

அரைமணி நேரத்தில் ரஞ்சிதபுஷ்பம் தூக்குவாளியில் இட்லியும் பிளாஸ்க்கில் காப்பியுமாக அழுதுகொண்டே உள்ளே வந்தாள், துக்க வீட்டில் சமைக்க யாருக்கு மனசு வரும் என்று கொண்டுவந்திருக்கிறாள், வந்த வேகத்தில், ஏட்டி வடிவு, பதினஞ்சு நாளாச்சு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ, அண்ணாச்சி சொல்லித்தான் நான் தெரியணுமா, பம்பாய்ல இருக்க உங்கண்ணனா என்று கட்டிப்பிடித்தாள். வடிவு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எங்கண்ணன் காலையிலதான எங்கிட்ட பேசினான், நீ என்னத்தச் சொல்லுத என்றாள், அப்புறம் பையைப் பார்த்தாள், கவிழ்த்தாள், எள்ளு, தர்ப்பை, சூடம், சாம்பிராணி, பச்சரிசி, கோடி வேட்டி கூட வாங்கி வைத்திருந்தார் அண்ணாச்சி. ஐயோ, அது கதையில உள்ள சிட்டை, நேத்து எழுதிப் பார்த்தது, வீட்டுச் சிட்டை அதுக்குக் கீழ இருந்துச்சு என்று வடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரஞ்சிதம் ஒரு நிமிஷம் விழித்தாள், பிறகு சிரித்தாள் பாருங்கள், தூக்குவாளி மூடி உருண்டு ஓடுகிற சிரிப்பு, கதையில செத்தவனுக்கு நான் இட்லி அவிச்சிருக்கேனே என்று, பிரமநாயகமும் சிரித்தார், வடிவு மட்டும் சிரிக்கவில்லை, அந்தத் தாள் எங்க, அதைக் குடுங்க என்றாள்.

அவள் கேட்ட விதத்தில்தான் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பதினாறாம் நாள் என்று மேலே எழுதியிருந்தது, சங்கரமூர்த்தி எப்படிச் செத்தார் என்பதை எழுத மனம் வராமல், நேராகப் பதினாறாம் நாளுக்கு அவர் மனைவி சாமான் எழுதுகிற மாதிரி ஆரம்பித்திருக்கிறாள், சடங்குச் சாமான் முடிந்து ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே படைப்புக்கு என்று போட்டு, செத்தவருக்குப் பிடித்தவை. சாத்தூர் காராச்சேவு, பூண்டு போட்டது. மிளகு அப்பளம், ஓரம் கருகாமல் பொரிக்க. கத்தரிக்காய் கால் கிலோ, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து எடுக்க. வெற்றிலை, பாக்கு, புகையிலை வேண்டாம், விட்டாச்சு. அந்த வரியை அவர் இரண்டு தரம் படித்தார், புகையிலையை விட்டது அவர்தான், சிவகாமி கல்யாணத்தன்று, அந்த இம்சை பிடித்த கிழவனும் அவர்தான், ஊருக்கே தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. ரஞ்சிதம் சத்தமில்லாமல் கூடத்துக்குப் போய்விட்டாள். என்னால முடியல, கதைப்படி அவர் போகணும், நாலு மாசமா அவரைக் கட்டில்ல படுக்க வைக்கேன், மறுபடி எழுப்பி உக்கார வச்சிருதேன், எனக்கு இந்தக் கதையே வேண்டாம் என்றாள் வடிவு, கதைக்குள்கூடப் புருஷனைச் சாக விட முடியாமல் ஒரு மனுஷி நாலு மாதம் வாயடைத்து நின்றிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது, பயமாகவும் இருந்தது, இவ்வளவு சொத்து தனக்கு இருக்கிறதா என்று கர்வமாகவும் இருந்தது.

கடைசி வரி காப்பித்தூள் ஐம்பது கிராம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷமாக அவருக்குச் சர்க்கரை வியாதி, ஒன்பது வருஷமாகக் கசப்புக் காப்பி. அவர் அவளிடம் பேனாவை வாங்கினார், அதற்கு அடியில் நிதானமாக, சர்க்கரை ஒரு கிலோ என்று எழுதினார், செத்த பெறகும் என்னை வெறுங்காப்பி குடிக்க வைக்கியே, இது நியாயமா, இதைச் சேத்து எழுதி முடி வடிவு என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தாளையும் பேனாவையும் பிடுங்கினாள், ஒரு கிலோவெல்லாம் கெடையாது, ஒரு ஸ்பூன்தான் என்று சொல்லி, அதை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.